புள்ளியில் அடங்காத கணக்கு

(காரைக்குடியில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: ‘கருத்தடைக்காக முதலில் குரல் கொடுத்தவர்களின் பேச்சில் உலகை இணங்க வைத்தது நாட்டின் கணக்கா, தாய்மாரின் வாய்மொழியா?’ ‘தாய்மாரின் வாய்மொழியே’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியவரின் உரை இது.)

நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் அறிஞர்களே, பந்தல் நிறைய அமர்ந்திருக்கும் ஆச்சிமார்களே, அண்ணன்மார்களே, தம்பி தங்கையரே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

எட்டும் இரண்டும் எத்தனை என்று அறியாத என்னைப் பட்டிமண்டபத்தில் ஏற்றிவிட்டாயே என்று மாணிக்கவாசகர் இறைவனிடம் முறையிட்டார். சற்று முன் பேசி அமர்ந்த எதிரணித் தலைவரும் ஏறக்குறைய அதைத்தான் எங்கள் அணியைப் பார்த்துச் சொன்னார்: கணக்குத் தெரியாதவர்கள் கண்ணீரைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறிவிட்டார்களாம். செட்டிநாடு கணக்கால் எழுந்த நாடு என்றும், ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கடை வைத்தவர்கள் முகத்தைப் பார்த்துக் கடன் கொடுக்காமல் பேரேட்டைப் பார்த்தே கொடுத்தார்கள் என்றும், அதுபோலவே உலகமும் மக்கள்தொகைக் கணக்கைக் கண்டு அஞ்சித்தான் கருத்தடைக்கு வழிவிட்டது என்றும் அவர் அடுக்கினார். மக்கள்தொகை உணவை மிஞ்சிப் பெருகும் என்று 1798இல் ஆங்கிலேயப் பாதிரியார் மால்தஸ் எழுதிய கட்டுரையில் தொடங்கி, 1930இல் மைசூர் அரசு கருத்தடை மருந்தகங்களுக்கு ஆணையிட்டதையும், 1931 கணக்கெடுப்பில் இந்தியாவின் மக்கள்தொகை 35 கோடியைத் தாண்டியதையும் சொல்லி, இறுதியில் ஒரு கேள்வியையும் வீசினார்: “கண்ணீரால் ஒரே ஒரு மருந்தகமாவது திறந்தது உண்டா?” நல்ல கேள்வி. அதற்கு விடை சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்கப் போவதில்லை. ஆனால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

முதலில் கணக்கைப் பற்றியே பேசுவோம். நம் நகரத்தார் ஊர்களில் கோயில் வரிக்குக் குடும்பங்களைப் புள்ளி என்று எண்ணும் வழக்கம் இங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும். மணமான ஆண் ஒருவரை முன்வைத்துக் குடும்பம் ஒரு புள்ளியாகும். கணவனை இழந்தவளை அரைப் புள்ளி என்று எழுதிய ஏடுகளும் உண்டு. அந்த ஏட்டைக் குறை சொல்ல நான் வரவில்லை. வரி தண்டுவதற்கு அது போதும். ஆனால் ஒரு வீட்டின் உள்ளே, பெண்கள் புழங்கும் வளவிலும் இரண்டாம் கட்டிலும் என்ன நடந்தது என்பதை அந்தப் புள்ளி சொல்லாது. புள்ளியிலிருந்து பிறந்த சொல்தான் புள்ளிவிவரம் என்பதையும், எதிரணி கையில் ஏந்தி வந்திருப்பது அதுதான் என்பதையும் நடுவர் அவர்கள் கவனத்தில் கொள்ள வேண்டும்.

எங்கள் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், பர்மாவுக்குக் கொண்டுவிக்க, கடல் கடந்து தொழில் பார்க்க, போனவர். மூன்றாண்டுக் கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்கு வருவார். சில மாதங்கள் இருப்பார். மறுபடியும் கப்பல் ஏறுவார். என் அப்பச்சிக்கும் (அப்பாவுக்கும்) சித்தப்பாக்களுக்கும் அத்தைகளுக்கும் இடையே உள்ள வயது வேறுபாட்டை வைத்தே ஐயா எந்தெந்த ஆண்டு ஊரில் இருந்தார் என்று சொல்லிவிடலாம். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை வங்காள விரிகுடாதான் கருத்தடை. (சிரிக்கலாம், எங்கள் அப்பத்தாவும் இதைச் சொல்லிச் சிரிப்பாள்.) ஐயா எழுதிவைத்த குடும்பக் குறிப்பில் பிள்ளைகள் ஐந்து பேர். ஆனால் அப்பத்தாவிடம் “உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?” என்று கேட்டால், “பெத்தது எட்டு, கலைஞ்சது ரெண்டு, இருக்கிறது அஞ்சு” என்று ஒரே மூச்சில் சொல்வாள். ஐயாவின் எழுத்தில் ஐந்தாக இருந்தது அவள் வாயில் எட்டோடு இரண்டாக இருந்தது. எட்டும் இரண்டும் எத்தனை என்று அறிந்தவர் எங்கள் வீட்டில் அவள் ஒருத்திதான்.

நடுவர் அவர்களே, என் அணியின் வழக்கு இதுதான். கருத்தடைக்காக முதலில் பேசியவர்களில் வென்றவர்கள் கணக்கை வெறுத்தவர்கள் அல்லர். ஏட்டில் ஏறாத இந்த இரண்டாவது கணக்கை, தாய்மாரின் வாயிலிருந்தே எடுத்து, நீதிமன்றத்திலும் தெருவிலும் படித்துக் காட்டியவர்கள் அவர்கள். எதிரணி அதைக் கண்ணீர் என்கிறது. நான் அதைச் சாட்சியம் என்கிறேன்.

மால்தஸை எதிரணி தங்கள் அணித் தலைவராக்கிவிட்டது. அந்தப் பாதிரியார் செயற்கைக் கருத்தடையை ஒழுக்கக்கேடாகக் கருதி எதிர்த்தவர். திருமணத்தைத் தள்ளிப் போடுங்கள், அதுவரை அடக்கமாக இருங்கள் என்பதே அவர் சொன்ன மருந்து. கருத்தடையைக் கூடாது என்றவரைக் கருத்தடைக்கு வாதாடியவராக நிறுத்துவது, கடன் வாங்காதே என்று அறிவுரை சொன்னவர் பெயரில் கடன் பத்திரம் எழுதுவதைப் போன்றது. அவருடைய கணக்கை எடுத்துக்கொண்டு அவர் விலக்கிய மருந்தைச் சேர்த்துக் கொடுத்தவர்கள் பின்னால் வந்தவர்கள். அவர்களில் முந்தியவர் லண்டன் தையற்காரர் பிரான்சிஸ் பிளேஸ். 1823இல் உழைக்கும் மக்களிடையே துண்டுத் தாள்களைப் பரப்பினார். அவருக்குப் பிள்ளைகள் பதினைந்து பேர் என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். அவர் எந்தப் புத்தகத்தைப் படித்து அந்த முடிவுக்கு வந்தார் என்று ஆராய வேண்டியதில்லை.

அடுத்ததாக எதிரணி உரிமை கொண்டாடியது அன்னி பெசன்ட் அம்மையாரை. அடையாற்றில் வாழ்ந்து, 1917இல் காங்கிரசுக்குத் தலைமை தாங்கி, 1933இல் அங்கேயே மறைந்தவராகத்தான் நம்மில் பலருக்கு அவரைத் தெரியும். காங்கிரசுக்குத் தலைமை தாங்கியதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு அவர் லண்டனில் குற்றவாளிக் கூண்டில் நின்றவர். அமெரிக்க மருத்துவர் சார்லஸ் நோல்டன் 1832இல் எழுதிய சிறுநூல் ஒன்று கருத்தரிப்பைத் தவிர்க்கும் வழிகளைச் சொன்னது. அதற்காக நோல்டன் சிறை சென்றார். இங்கிலாந்தில் அந்த நூலை விற்ற ஒருவர் தண்டிக்கப்பட்டபோது, பெசன்டும் அவருடைய தோழர் சார்லஸ் பிராட்லாவும் அதைத் தாங்களே மறுபடியும் அச்சிட்டு, எந்த நாளில் எந்த நேரத்தில் விற்கப் போகிறோம் என்று காவல்துறைக்கு முன்கூட்டியே அறிவித்துவிட்டு விற்றார்கள். ஆறு பென்னி விலை. அதற்கு முன் ஆண்டுக்குச் சில நூறு பிரதிகளே விற்ற அந்த நூல், வழக்கு நடந்த சில மாதங்களில் ஏறத்தாழ 1,25,000 பிரதிகள் விற்றது. தடை செய்தவர்களைப் போல ஒரு புத்தகத்துக்கு விளம்பரம் செய்தவர்கள் இல்லை.

1877 ஜூன் மாதம் வழக்கு நடந்தது. வழக்கறிஞர் வைத்துக்கொள்ளாமல் தமக்காகத் தாமே வாதாடிய பெசன்டுக்கு அப்போது வயது 29. அவர் கையில் மால்தஸும் இருந்தார், மக்கள்தொகைக் கணக்குகளும் இருந்தன. அவற்றை அவர் எடுத்துக்காட்டவும் செய்தார். இதை மறைத்து வாதாட வேண்டிய தேவை எனக்கு இல்லை. ஆனால் அவர் எந்த நிலையில் நின்று பேசினார் என்பதைப் பாருங்கள். நான் இங்கே குற்றவாளியாக மட்டும் நின்று பேசவில்லை, நூற்றுக்கணக்கான ஏழைகளின் வழக்கறிஞராக நின்று பேசுகிறேன் என்றார். குற்றம் சாட்டப்பட்டவர் ஒரே வாக்கியத்தில் வழக்கறிஞராகிவிட்டார். குடிசையில் இருந்த தாய்மார்கள் அந்த வாக்கியத்திலேயே வழக்காடிகளாகிவிட்டார்கள். சான்றோர் குழுவின் (ஜூரியின்) தீர்ப்பும் விசித்திரமானது: நூல் பொது ஒழுக்கத்தைக் கெடுக்கக்கூடியது, ஆனால் அதை வெளியிட்ட இவர்களிடம் தீய நோக்கம் எதுவும் இல்லை என்றார்கள். மால்தஸின் கணக்கு சரி என்று அவர்கள் சொல்லவில்லை. நூலைக் குற்றம் சொல்லிக்கொண்டே, பேசியவரைக் குற்றம் சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. ஆறு மாதச் சிறையும் அபராதமும் விதிக்கப்பட்டன. 1878இல் குற்றப்பத்திரிகையில் இருந்த ஒரு சட்டக் குறைபாட்டைக் காட்டி மேல்முறையீட்டில் விடுபட்டார்கள்.

வழக்கு நடந்த 1877ஆம் ஆண்டிலேயே பெசன்ட் தாமே எழுதிய நூலுக்கு ‘மக்கள்தொகை விதி’ என்று பொருள்படும் பெயரை வைத்தார். எதிரணி அந்தப் பெயரைப் படித்துவிட்டு மகிழ்ந்து புத்தகத்தை மூடிவிட்டது. ஒரு தாளைப் புரட்டியிருந்தால் காணிக்கை உரை கண்ணில் பட்டிருக்கும்: மூச்சுமுட்டும் சந்துகளிலும் நெருக்கடியான குடிசைகளிலும் வாழும் ஏழைகளுக்கு, தாய்மாரின் வாழ்வை எளிதாக்கலாம் என்ற நம்பிக்கையோடு அந்த நூல் படைக்கப்பட்டிருந்தது. இந்தப் பேச்சுக்கு அவர் கொடுத்த விலையும் ஒரு தாய் மட்டுமே கொடுக்கக்கூடியது. இத்தகைய நூலை வெளியிட்டவர் மகளை வளர்க்கத் தகுதியற்றவர் என்று காரணம் காட்டி, 1878இல் அவருடைய மகளை நீதிமன்றம் அவரிடமிருந்து பிரித்துத் தந்தையிடம் ஒப்படைத்தது. பிற்காலத்தில் பிரம்மஞான சங்கத்தில் சேர்ந்தபின் அந்த நூலின் விற்பனையை அவரே நிறுத்தினார் என்பது உண்மை. 1920களின் இறுதியில் சென்னையில் கருத்தடையை ஆதரிக்கும் புதிய மால்தசியக் கழகம் தோன்றியபோது, அதற்காக ஒரு காலத்தில் கூண்டில் நின்ற முதியவர் சில கல் தொலைவில் அடையாற்றில் வேறு பணிகளில் மூழ்கியிருந்தார். வரலாறு சில நேரங்களில் இப்படித்தான் ஒரே ஊரில் இருவரை முகம் பாராமல் உட்கார வைக்கிறது.

இப்போது அமெரிக்காவில் கருத்தடைக்காகப் போராடிய மார்கரெட் சாங்கருக்கு வருகிறேன். எதிரணியில் முதலில் பேசிய தம்பி, சாங்கர் மேடைதோறும் சொன்ன சேடி சாக்ஸ் என்ற பெண்ணின் கதையைக் ‘கட்டுக்கதை’ என்று சொல்லி நகைத்தார். நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்பில் தாமே கருவைக் கலைக்க முயன்று நோயுற்ற ஒரு தாய், இனி கருத்தரிக்காமல் இருக்க என்ன வழி என்று மருத்துவரிடம் கேட்டாள். உன் கணவனை மொட்டைமாடியில் படுக்கச் சொல் என்று மருத்துவர் கேலியாகச் சொல்லிவிட்டுப் போனார். சில மாதங்களில் அவள் மறுபடியும் அதே நிலைக்கு ஆளாகி இறந்தாள். இதுதான் கதை. அவள் ஒருத்தியா, செவிலியராக வேலை செய்தபோது சாங்கர் கண்ட பல பெண்களின் சாயலைச் சேர்த்துச் செய்த உருவமா என்று ஆய்வாளர்கள் ஐயுறுவது உண்மைதான். தம்பி இதைத் தன் வெற்றியாகக் கருதினால், அவருக்கு நான் இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும்.

ஒன்று, சாங்கருக்கு அந்தக் கதை வெளியிலிருந்து வரத் தேவையில்லை. அவருடைய தாய் பதினெட்டு முறை கருவுற்றவர். உயிரோடு பிறந்தவை பதினொன்று. கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வந்திருந்தால் பதினொன்று என்றுதான் எழுதிக்கொண்டு போயிருப்பார். மீதி ஏழு எந்த ஏட்டில் இருக்கிறது? எங்கள் அப்பத்தாவின் ‘கலைஞ்சது ரெண்டு’ எந்த ஏட்டில் இருக்கிறதோ அதே ஏட்டில்தான். இரண்டு, சேடி சாக்ஸ் ஒருத்தி இல்லை என்றால், அவளுக்குப் பதிலாக எழுதத் தெரிந்த தாய்மார்கள் லட்சக்கணக்கில் வந்தார்கள். சாங்கருக்கு வந்த கடிதங்கள் இரண்டரை லட்சம் வரை இருக்கும் என்று சொல்லப்படுகிறது. அவற்றில் சில நூறு கடிதங்களை, எழுதியவர்களின் பெயர்களை மறைத்து, 1928இல் ஒரு நூலாகவே வெளியிட்டார். லண்டனில் 1921இல் மருந்தகம் திறந்த மேரி ஸ்டோப்ஸுக்கும் இப்படித்தான் ஆயிரக்கணக்கில் கடிதங்கள் குவிந்தன. கதை என்று சொன்னதை நிரூபிக்க இத்தனை பேர் தபால் தலை ஒட்டி அனுப்பிய பேச்சு வேறு எது இருக்கிறது?

சாங்கரின் சொல்லாட்சியில் எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய புத்தகங்கள் அல்ல. ஒரு துண்டுத் தாள். 1916இல் நியூயார்க்கின் பிரவுன்ஸ்வில் பகுதியில் அவரும் அவருடைய சகோதரியும் ஒரு சிறு நிலையத்தைத் திறந்தபோது, அக்கம்பக்கத்துப் பெண்களுக்குப் புரியும்படி ஆங்கிலம், இத்திஷ், இத்தாலியன் ஆகிய மூன்று மொழிகளில் அதை அச்சிட்டு வீடு வீடாகக் கொடுத்தார்கள். ‘தாய்மார்களே!’ என்ற விளியோடு அது தொடங்குகிறது. பெரிய குடும்பத்தைத் தாங்க உங்களால் முடியுமா? இன்னும் பிள்ளைகள் வேண்டுமா? வேண்டாம் என்றால் ஏன் பெறுகிறீர்கள்? கொல்லாதீர்கள், உயிரைப் போக்காதீர்கள், வராமல் தடுத்துக்கொள்ளுங்கள். பிறகு முகவரி, பதிவுக் கட்டணம் 10 சென்ட். அவ்வளவுதான். அதில் நாட்டின் மக்கள்தொகை இல்லை, உணவு உற்பத்தி இல்லை, மால்தஸ் இல்லை. எதிரணியினர் அந்தத் தாளில் ஒரு புள்ளிவிவரத்தைக் காட்டினால் நான் இப்போதே அணி மாறிவிடுகிறேன். அதில் இருந்ததெல்லாம் கேள்விகள். விடை கேட்கப்பட்டவளிடமே இருந்தது. தன் வாழ்நாளில் யாரும் ‘உனக்கு வேண்டுமா?’ என்று கேட்டிராத ஒரு பெண்ணிடம் அந்தச் சொல் அச்சேறி வந்து கதவைத் தட்டியது. சொல்வன்மை என்பது பேசுகிறவனின் திறமை என்று நினைக்கிறோம். இங்கே அது கேட்கிறவளுக்குத் தன் குரலைத் தானே கேட்க வைத்த திறமை.

எதிரணியினர் என்னைப் பார்த்துப் புன்னகைப்பது தெரிகிறது. அடுத்து என்ன சொல்லப் போகிறார்கள் என்பதும் தெரியும். இதே சாங்கர் 1920களில் எழுதியவற்றில், தகுதியற்றோர் பெருகக் கூடாது என்ற இனமேம்பாட்டு வாதத்தை ஏற்றுப் பேசினார்; ஸ்டோப்ஸ் தாம் தொடங்கிய சங்கத்தின் பெயரிலேயே ‘இன முன்னேற்றம்’ என்ற சொற்களைச் சேர்த்தார். இவை உண்மை, இதற்கு என்னிடம் சமாதானம் இல்லை, தேடவும் மாட்டேன். ஆனால் இந்தக் கறை எந்தப் பக்கத்திலிருந்து ஒட்டியது என்று எதிரணி தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். அறிவியலாளரையும் செல்வந்தரையும் அரசையும் இணங்க வைக்க வேண்டும் என்று அந்தப் பெண்கள் நினைத்தபோதுதான் ‘உனக்கு வேண்டுமா?’ என்ற கேள்வி மறைந்து, ‘எவருக்கு எத்தனை இருக்கலாம்?’ என்ற கணக்கு வந்தது. அந்தக் கணக்கின் மறுமுனை நமக்கு மிக அருகில் இருக்கிறது. 1976–77ஆம் ஆண்டில், நெருக்கடி நிலையின்போது, இந்த நாட்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் இலக்கு வைத்துச் செய்யப்பட்டன. அவற்றில் எத்தனை பேரிடம் விருப்பம் கேட்கப்பட்டது என்பது எந்த அரசு ஐந்தொகையிலும், அதாவது முடிவுக் கணக்கிலும், ஏறவில்லை.

இனி நம் மண்ணுக்கு வருவோம். சென்னையில் உயர் நீதிமன்ற நீதிபதி வேப்பா ராமேசம் போன்ற பெரியோர்கள் சேர்ந்து நடத்திய புதிய மால்தசியக் கழகத்தை எதிரணி பெருமையுடன் சொன்னது. அது ஆங்கிலத்தில் கூட்டம் போட்டது, ஆங்கிலத்தில் இதழ் நடத்தியது, வறுமையையும் மக்கள்தொகையையும் பேசியது. நல்லவர்கள்தாம். ஆனால் அவர்கள் பேச்சு இரண்டாம் கட்டு வரை வந்து சேர்ந்ததா? அதே காலத்தில் ஈரோட்டிலிருந்து வந்த ‘குடி அரசு’ இதழில் பெரியார் தமிழில் எழுதினார்; அந்த இதழை நம் பகுதியில் வாசித்தவர்கள் இருந்தார்கள். கைம்பெண் மணத்துக்காகவே ‘மாதர் மறுமணம்’ என்ற இதழ் 1930களில் இதே காரைக்குடியிலிருந்து வந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், இங்கே அந்தப் பேச்சுக்குக் காது இருந்தது என்பது விளங்கும். அக்காலத்துச் சிறு வெளியீடுகளையும் துண்டுத் தாள்களையும் இன்று ஆராய்ச்சியாளர்கள் புரட்ட முடிகிறது என்றால், குப்பை என்று பிறர் எறிந்ததைக் கோட்டையூரில் ஒருவர் பொறுக்கிச் சேர்த்து வைத்ததும் அதற்கு ஒரு காரணம். ரோஜா முத்தையா செட்டியாரின் அந்தச் சேகரிப்பு இப்போது சென்னையில் நூலகமாக நிற்கிறது.

பெரியார் இந்தத் தலைப்பில் செய்த வேலை, இன்றைய பட்டிமன்றத்துக்கே முன்கூட்டி எழுதிய தீர்ப்புப் போல இருக்கிறது. ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் கர்ப்பத்தடை பற்றிய பகுதியில், தாம் அதை வேண்டும் என்பதற்கும் பிறர் வேண்டும் என்பதற்கும் அடிப்படையிலேயே வேறுபாடு உண்டு என்று அவர் பிரித்துக் காட்டுகிறார். பெண்ணின் உடல்நலம், பிள்ளைகளின் வலிமை, நாட்டின் பொருளாதார நிலை, குடும்பச் சொத்து சிதறாமல் இருத்தல் ஆகியவை மற்றவர்கள் சொல்லும் காரணங்கள். பெண்கள் விடுதலை பெறவும் தம் விருப்பப்படி வாழவும் அது தேவை என்பது அவர் சொல்லும் காரணம். எதிரணியினர் இன்று அடுக்கிய காரணங்கள் முழுவதும் அவருடைய பட்டியலின் முதற்பகுதியில் இருக்கின்றன; அவற்றைச் சொன்னவர்களை அவர் ‘மற்றவர்கள்’ என்றுதான் குறிப்பிட்டார். குடும்பச் சொத்து சிதறாமல் இருத்தல் என்ற இடம் வரும்போது நம் ஊர்க்காரர்கள் சற்றே நெளிவார்கள் என்பது வேறு செய்தி.

சொல்லையும் கவனியுங்கள். சுயமரியாதை இயக்கத்தார் இதற்குக் ‘கர்ப்ப ஆட்சி’ என்று ஒரு பெயர் வைத்திருந்தார்கள். கருப்பையின்மேல் ஆட்சி, ஆள்பவள் அதை உடையவள். பிறகு அரசு 1952இல் திட்டம் வகுத்து, தமிழில் அதற்குக் ‘குடும்பக் கட்டுப்பாடு’ என்ற பெயர் நிலைத்தபோது, ஆட்சி போய்க் கட்டுப்பாடு வந்தது. கட்டுப்படுத்துகிறவர் யார் என்ற கேள்வியும் உடன் வந்தது. சிவப்பு முக்கோணத்தைச் சுவரெங்கும் எழுதியும் அந்தப் பெயரின்மேல் மக்களுக்கு ஏற்பட்ட அச்சம் நீங்காமல், 1977க்குப் பின் அரசே ‘குடும்ப நலம்’ என்று பெயரை மாற்றிக்கொண்டது. கணக்கு வென்றது என்கிறார்களே, வென்ற கொடி எதற்குப் பெயரை மாற்றிக்கொண்டு நடக்க வேண்டும்?

பாரதிதாசனையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வீட்டில் பிள்ளை பிறந்த செய்தியைத் திண்ணையில் கேட்ட ஒரு தகப்பன், மகிழ வேண்டிய நேரத்தில் கலங்குவதைப் பாடி, காதலுக்கு வழியை விட்டுவிட்டுக் கருவின் வழியை மட்டும் சாத்தும் கதவைக் கண்டுபிடித்தால் என்ன குற்றம் என்று அவர் கேட்டார். அது தகப்பனின் குரல், தாயின் குரல் அல்ல என்று எதிரணி சொல்லலாம், ஏற்கிறேன். ஆனாலும் அவர் நாட்டின் தொகையைச் சொல்லாமல் திண்ணையில் உட்கார்ந்து பேசினார். அதனால்தான் கழகத்தின் ஆங்கில இதழ்கள் அலமாரிக்குள் இருக்க, அந்த வரிகள் இன்றும் மேடையில் இருக்கின்றன.

செட்டிநாட்டில் பிள்ளை கூட்டிக்கொள்ளும், அதாவது தத்தெடுக்கும், வீடுகள்தாம் மிகுதி, பிள்ளை இல்லாத ஏக்கம்தான் இங்கே பெரிது, இங்கே போய்க் கருத்தடையை யார் கேட்பார்கள் என்று ஒரு கேலியும் எதிரணியிலிருந்து வந்தது. கேலியாக இருந்தாலும் அது அவர்கள் வாதத்தின் ஓட்டையைத்தான் காட்டுகிறது. கணக்கு மட்டுமே வாதமாக இருந்தால், ஆள் குறைந்த இடத்தில் அந்த வாதம் செத்துவிடும். பிள்ளையில்லாத ஆச்சியிடம் அதற்குச் சொல்வதற்கு எதுவும் இல்லை. ‘உனக்கு வேண்டுமா, எப்போது வேண்டும்?’ என்ற கேள்வியோ பத்துப் பெற்றவளிடமும் செல்லும், பெறாதவளிடமும் செல்லும். திருமணமான மறு ஆண்டே கோயில் கோயிலாக அழைத்துச் செல்லப்பட்ட பெண்ணுக்கும் அந்தக் கேள்வி பொருந்தும்.

1938இல் பம்பாய் சட்டமன்றத்தில் கருத்தடைக்கு ஆதரவான தீர்மானம் ஒன்று வந்தது. அதற்காக அம்பேத்கர் எழுதிய உரையை வேறோர் உறுப்பினர் வாசித்தார். அதில் வறுமையும் உண்டு, பொருளாதாரமும் உண்டு. அவையெல்லாம் மறந்துபோனாலும் மறக்க முடியாத ஒன்று அதில் இருக்கிறது: பெண் படும் பேற்றுவலியை ஆண் படவேண்டி இருந்தால், எந்த ஆணும் தன் வாழ்நாளில் ஒரு பிள்ளைக்கு மேல் பெற ஒப்புக்கொள்ள மாட்டான். ஆண்கள் மிகுந்த அவையில் அது வாசிக்கப்பட்டது; தீர்மானம் தோற்றது. இதை எதிரணி தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எந்தப் பொருளாதாரப் பத்தியைக் கேட்டு அந்த அவை நெளிந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

இப்போது அந்தக் கேள்வி. கண்ணீரால் ஒரு மருந்தகமாவது திறந்ததா?

பிரவுன்ஸ்வில் நிலையம் 1916 அக்டோபர் 16ஆம் நாள் கதவைத் திறந்தபோது, கைவண்டியில் குழந்தையோடும் இடுப்பில் குழந்தையோடும் பெண்கள் தெருவில் வரிசையாக நின்றார்கள். காவல்துறை வந்து மூடுவதற்குள் கழிந்த பத்து நாட்களில் 400க்கும் மேற்பட்ட பெண்கள் வந்து போனார்கள். வழக்கு நடந்தபோது சாங்கருக்கு எதிராகச் சாட்சி சொல்ல அதே தாய்மாரை அரசுத் தரப்பு அழைத்து வந்தது. எத்தனை பிள்ளைகள் என்று வழக்கறிஞர் கேட்டபோது, அவர்கள் இருக்கும் பிள்ளைகளையும் தங்காத பிள்ளைகளையும் சேர்த்தே எண்ணிச் சொன்னார்கள் என்று சாங்கர் எழுதியிருக்கிறார். கடல் கடந்த ஊரில், வேறு மொழியில், எங்கள் அப்பத்தா எண்ணிய அதே முறைதான்! இனி இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படுவேன் என்று உறுதி அளித்தால் விட்டுவிடுகிறோம் என்று நீதிமன்றம் சொன்னது. சாங்கர் மறுத்து முப்பது நாள் சிறை சென்றார். அந்த வழக்கின் மேல்முறையீட்டில் 1918இல் வந்த தீர்ப்பு, நோயைத் தடுக்கவோ குணப்படுத்தவோ மருத்துவர் கருத்தடை பரிந்துரைக்கலாம் என்று வழி திறந்தது. அந்த வழியாகத்தான் 1923இல் மருத்துவர் பொறுப்பில் சாங்கரின் அடுத்த மருந்தகம் நியூயார்க்கில் வந்தது. எதிரணித் தலைவர் ஒன்று கேட்டார், ஒன்றைக் கொடுத்துவிட்டேன். அதில் மக்கள்தொகைக் கணக்கின் பங்கு எத்தனை என்று அவரே ஐந்தொகை போட்டுச் சொல்லட்டும்.

மணி அடித்துவிட்டார்கள்; நடுவர் அவர்கள் ஒரு நிமிடம் பொறுத்தருள வேண்டும். சாங்கரைக் கைது செய்து காவல் வண்டியில் ஏற்றிச் சென்ற நாளில், நிலையத்துக்கு அப்போதுதான் வந்து சேர்ந்த ஒரு பெண், குழந்தையின் கைவண்டியை நடைபாதையிலேயே விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அந்த வண்டியின் பின்னால் ஓடி, திரும்பி வாருங்கள், வந்து என்னைக் காப்பாற்றுங்கள் என்று கதறியதாகச் சாங்கர் தம் வாழ்க்கை வரலாற்றில் குறித்திருக்கிறார். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் அந்தப் பெண்ணைத் தம் பக்கத்துச் சாட்சியாக அழைக்க முன்வந்தால், அவள் என்ன சொல்கிறாள் என்பதை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்க நான் காத்திருக்கிறேன்.